தகடு உருவாமல் நரி ஊளையிடாது

ஓய்வு பெற்றவனைப் பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டால் முதலில் சால்வை போர்த்துவார்கள். பிறகு ஏசி காற்று நேராகப் பிடரியில் அடிக்கும் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். சென்ற மாதம் எனக்கும் அந்த மரியாதை நடந்தது. காட்பாடிப் பக்கம் ஒரு கூடம். தீயணைப்புத் துறையில் புதிதாகச் சேர்ந்த நாற்பது பேர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போன வீரருக்கே ஆபத்து வந்தால் என்ன செய்வது என்பதுதான் அன்றைய பாடம்.

மேசைமேல் ஒரு புதுக் கருவி இருந்தது. கட்டடத்துக்குள் இருக்கும் ஒவ்வொருவர் சிலிண்டரிலும் எவ்வளவு காற்று மிச்சம், யார் அசைகிறார், யார் அசையவில்லை, எல்லாம் வெளியே ஒரு சின்னத் திரையில் தெரியுமாம். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று சொன்னால் பொய்.

பயிற்சி அதிகாரி சுவரில் அடுத்த படத்தைப் போட்டார். ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் கிடங்கு விபத்து என்று தலைப்பு. கீழே இரண்டே வரி. வீரர் தன் பெயர்த் தகட்டை வாசலில் ஒப்படைக்காமல் கருவியிலேயே விட்டுவிட்டு உள்ளே சென்றார். அபாய ஒலி கேட்டதும் நிலைய அலுவலர் துரிதமாகச் செயல்பட்டு அவரை மீட்டார்.

"வீரரோட கவனக்குறைவுக்கு இது நல்ல உதாரணம், நோட் பண்ணிக்கங்க" என்றார் அதிகாரி. பேனாக்கள் குனிந்தன. ஒரு பெண் மட்டும் எழுதாமல் எழுந்து நின்றாள்.

"சார், ஒரு டவுட்டு. தகடு செட்லயே இருந்தா அலாரம் ஆன் ஆவவே ஆவாதே சார். அப்புறம் எப்டி அடிச்சிது?"

அதிகாரி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார் அன்னிக்கு அங்க இருந்தவரு. அவரே சொல்லுவாரு" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

நான் எழுந்து, "பழைய செட்டுல அப்படி இல்லம்மா" என்றேன்.

பொய். பழைய செட்டிலும் அப்படித்தான். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் அந்தத் தகடு. புகைக்குள் போகிறவன் முதுகில் காற்று சிலிண்டர், முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொள்வான். தோள்வாரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பெட்டி தொங்கும். எல்லாம் சேர்ந்ததுதான் செட்டு. பெட்டியில் சாவி மாதிரி ஒரு தகடு செருகியிருக்கும். தகட்டில் அவன் பெயர். உள்ளே நுழையும்போது தகட்டை உருவி, வாசலில் பலகையோடு நிற்பவனிடம் கொடுக்க வேண்டும். அவன் அதைப் பலகையில் ஒரு கொக்கியில் மாட்டி வைப்பான். உருவிய நொடியில் பெட்டி விழித்துக்கொள்ளும். அதற்குப்பின் அரை நிமிடம் ஆள் அசையாமல் கிடந்தால் ஊளையிட ஆரம்பிக்கும். தகட்டைத் திரும்பச் செருகினால்தான் அடங்கும். நாங்கள் அந்தப் பெட்டியை நரி என்போம்.

நரி நல்லதுதான். ஆனால் அதற்கு நேரம் காலம் தெரியாது. வெளியே வந்து அப்பாடா என்று உட்கார்ந்தால் ஊளையிடும். தண்ணீர் குடிக்க நின்றால் ஊளையிடும். தகட்டைத் தேடி எடுத்துச் செருகச் சோம்பல்பட்டு அப்படியே கத்தவிட்டு உட்கார்ந்திருப்போம். போகப் போக, ஊளை கேட்டால் எங்களில் எவனும் தலையைத் திருப்புவதில்லை. உயிர் காக்கும் சத்தத்தை நாங்களே பேஜார் பிடித்த சத்தமாக ஆக்கி வைத்திருந்தோம்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ஜோடி ஜோடியாகத்தான் உள்ளே போவோம். முதலில் வெளியே வருகிறவன் பலகையிலிருந்து தன் தகட்டோடு கூட்டாளியின் தகட்டையும் எடுத்துக்கொள்வான். கூட்டாளி வந்து மாஸ்க்கைக் கழற்றியதும் கையில் கொடுப்பான். பஸ்ஸில் தோஸ்துக்கும் சேர்த்து டிக்கெட் எடுப்பது மாதிரி ஒரு மரியாதை. விதியில் அப்படி இல்லை. தப்பு என்றும் எவனுக்கும் உறைத்ததில்லை.

நான் துறையில் சேர்ந்த கதை பெரிதில்லை. பாகாயத்துப் பையன், பன்னிரண்டாவது பாஸ், ஓட்டத்தில் முதலில் வந்தேன், எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியில் கயிறு ஏறினேன், ஏணி ஏறினேன், திட்டு வாங்கினேன். முன்னணித் தீயணைப்போர் ஆகி, தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு நிலையத்துக்கு வந்தபோது எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நிலையத்தின் பெயர் வேண்டாம்.

அங்கே இருந்த அலுவலர் கத்தவே மாட்டார். எங்கள் துறையில் அது அதிசயம். எப்போதும் கையில் மடித்த கைக்குட்டை. பேசி முடித்ததும் அதால் உதட்டை ஒற்றிக்கொள்வார். கடைநிலை ஆளைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். அதனாலேயே அவர் சொல்வதை மறுக்க முடியாது. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். தீயை அணைப்பதைவிட அறிக்கையில் அதை இன்னும் நன்றாக அணைப்பார் என்று எங்களுக்குள் கிண்டல் உண்டு.

எங்கள் நிலையத்துக்குப் பலகையைக் கொண்டுவந்தவரே அவர்தான். எங்கோ பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து, தச்சனைக் கூப்பிட்டுத் தன் கண்முன்னாலேயே செய்ய வைத்தார். உள்ளே போனவன் பெயர், போன நேரம், அவன் சிலிண்டரில் இருந்த காற்று, திரும்ப வேண்டிய நேரம் எல்லாம் அதில் எழுத வேண்டும். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். "ஜெயசீலன், வாசல்ல நிக்கிறவன் நகரக் கூடாது. அவன் வீட்டுலயே தீப்பிடிச்சிருக்குன்னு சேதி வந்தாலும் நகரக் கூடாது" என்றார். பொன்னான வார்த்தை. மேலதிகாரிகள் பார்வையிட வந்த நாட்களில் நான் கற்சிலை மாதிரி நின்றேன்.

நிஜமான தீயில் நடந்தது வேறு. எங்களுக்கு எப்போதுமே ஆள் கம்மி. ஹோஸ் இழுக்க ஒரு கை குறையும். அப்போது அவர் கண் வாசலுக்கு வரும். "அந்த ஹாஜர் எடுக்கறத அப்புறம் பாத்துக்கலாம். இங்க கொஞ்சம் கை குடுங்க ஜெயசீலன்." நானும் போவேன். வாசலில் பலகையோடு நிற்பவனை மற்றவர்கள் வாத்தியார் என்று நக்கல் செய்வார்கள். ஹோஸ் பிடிப்பதில்தான் எனக்கும் பெருமை இருந்தது. அவர்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை.

இனி அந்த மத்தியானம்.

சாப்பாட்டு நேரம். தட்டில் சோறு பாதி இருக்கும்போது மணி அடித்தது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கிடங்கு. பதப்படுத்திச் சாயமேற்றிய தோல்களைக் கட்டுக் கட்டாக ஆளுயரத்துக்குமேல் அடுக்கி வைத்திருந்தார்கள். பின்புறக் கொட்டகையில் தோலுக்குப் பளபளப்பு ஏற்றும் திரவமும் தின்னரும் டிரம் டிரம்மாக இருந்தன. தோல் எரியும் புகையை மூக்கில் வாங்கியவனுக்குத்தான் அது தெரியும். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக வரும். மூன்று நாள் குளித்தாலும் தலைமுடியில் நாறும்.

இரண்டு ஜோடிகள் உள்ளே போனார்கள். நான்கு தகடு என் கைக்கு வந்தன. நேரம் எழுதினேன், காற்று எழுதினேன். இரண்டாவது ஜோடி முனிரத்தினமும் டேவிட்டும். முனிரத்தினம் ஒடுகத்தூர்க்காரன். நிலக்கடலை விவசாயக் குடும்பம். எனக்குச் சம வயது, பத்து வருஷமாக ஒரே நிலையம். தகட்டைக் கொடுக்கும்போது, "வாத்தியாரே, என்னுத மொதல் பெஞ்சுல வை" என்றான். முதல் கொக்கியில்தான் மாட்டினேன். டேவிட் எங்கள் இருவருக்கும் இளையவன்.

விதிப்படி முழு செட்டு மாட்டிய இரண்டு பேர் வாசலில் தயாராக நிற்க வேண்டும். உள்ளே ஒருவன் விழுந்தால் ஓடுவதற்கு. நிற்க ஆள் இல்லை. நானும் பலகையும் மட்டும் இருந்தோம்.

கால் மணி நேரம் இருக்கும். நெருப்பு பின்கொட்டகைப் பக்கம் திரும்பியது. டிரம்கள் வெடித்தால் பக்கத்துத் தெரு போய்விடும். அலுவலர் மூலையிலிருந்து கையை அசைத்தார். நான் பலகையைக் காட்டினேன். அவர் மறுபடி அசைத்தார். பலகையை கேட்டில் மாட்டிவிட்டுப் போனேன். கொட்டகையில் ஹோஸ் இழுத்துப் போட்டு, தண்ணீர் ஓடவிட்டுத் திரும்பி வர ஏழெட்டு நிமிடம்.

திரும்பி வந்து பார்த்தால் பலகையில் ஒரு தகடும் இல்லை. நான்கு கொக்கியும் காலி. கேட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் ஆட்கள் கால் நீட்டிக் கிடந்தார்கள். நான் எண்ணவில்லை. பலகை காலி, ஆட்கள் மரத்தடியில். அது போதும் என்று நினைத்தேன்.

கட்டடச் சுவரில் புகை போக்கும் ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கோடியிலிருந்து அலுவலர் கேட்டார். "உள்ள யாராவது இருக்காங்களா?"

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்க சார்!" என்று கத்தினேன். எனக்குக் குரல் பெரிது. பம்ப் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

ஆள் உள்ளே இல்லை என்றால் வேலை முறையே மாறும். உள்ளே இருப்பவர்களுக்காகப் பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டியதில்லை. எல்லா ஜன்னல் வழியாகவும் முழு அழுத்தத்தில் தண்ணீரை விட்டோம். நெருப்பில் விழும் தண்ணீர் ஆவியாகும், ஆவி தீயை அமுக்கும். அந்த ஆவி ஒரு மனிதன்மேல் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மரத்தடிப் பக்கமிருந்து வருவதுபோல நரி ஊளை கேட்டது. வழக்கம்போல யாரும் திரும்பவில்லை. அலுவலர்தான் முகம் சுளித்தார். "ஜெயசீலன், அந்த நரிய அடக்கச் சொல்லுங்க. பேசறது கேக்க மாட்டேங்குது."

மரத்தடிக்குப் போனேன். மூன்று பேர் இருந்தார்கள். முதல் ஜோடி இரண்டு பேர், அப்புறம் டேவிட். "நரிய நிறுத்துங்கடா" என்று சொல்லிக்கொண்டே முதலாமவன் மார்பைப் பார்த்தேன். தகடு செருகியிருந்தது. இரண்டாமவனுடையதிலும் இருந்தது. டேவிட் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவனை நிமிர்த்திப் பார்த்தேன். அவன் நரியிலும் தகடு இருந்தது. மூன்றும் அடங்கியிருந்தன. ஊளை மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் டேவிட்டின் இடது கையைப் பார்த்தேன். இன்னொரு தகடு.

"முனி எங்கடா?"

"பின்னாலயே வந்தானேண்ணா" என்றான். சொல்லும்போதே அவன் முகம் செத்துவிட்டது.

பிறகு தெரிந்தது இவ்வளவுதான். டேவிட்டின் சிலிண்டர் காற்று தீரப்போகிறது என்று விசில் அடித்திருக்கிறது. முனிரத்தினத்தின் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறான். இருவருக்கும் நடுவில் தோல் அடுக்கு சரிந்து முனியின் காலை அமுக்கிவிட்டது. முன்னால் போனவனுக்கு அது தெரியவில்லை. வெளியே வந்தவன் பழக்கதோஷத்தில் இரண்டு தகட்டையும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டான். நான் வாசலில் நின்றிருந்தால் ஒரு தகட்டுக்கு ஓர் ஆளைக் காட்டு என்று கேட்டிருப்பேன்.

தண்ணீரை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். வண்டியில் இருந்த மாற்று சிலிண்டர்களில் ஒன்று காலி. முந்தின வாரம் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டத் தீர்த்திருந்தோம். மற்றதை மாட்டிக்கொண்டு நான் போனேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஊளை வந்த பக்கம் ஊர்ந்தேன். நனைந்த தோல் கட்டுகள் கையில் வழுக்கின. கடைசியில் ஒரு பூட்ஸ் கிடைத்தது. மாஸ்க் பாதி நழுவியிருந்தது. நான் தொட்டபோது அவன் விரல் என் கையைப் பற்றியது. மரத்தடி ஆட்கள் இருவர் மிச்சக் காற்றோடு பின்னால் வந்து அடுக்கைத் தள்ள, அவனை இழுத்துக்கொண்டு வந்தோம். வெளியே கொண்டுவந்து போட்ட பிறகும் நரி ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. டேவிட்தான் தகட்டைச் செருகினான்.

உயிர் பிழைத்தான். நுரையீரல் பிழைக்கவில்லை.

மூன்று நாள் கழித்து அலுவலர் என்னையும் டேவிட்டையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். அறிக்கை தயாராக இருந்தது. அச்சு மாதிரி கையெழுத்து.

"முனிரத்தினம் எப்படியும் டியூட்டிக்கு வரப் போறதில்ல. டாக்டரே சொல்லிட்டாரு. பலக ஏன் காலியா இருந்துதுன்னு கேள்வி வந்தா டேவிட் போவாரு, நீங்க போவீங்க, நானும் போவேன். மூணு குடும்பம். தகடு அவரு செட்லயே இருந்துதுன்னு எழுதிட்டா ஒருத்தரோட முடிஞ்சிடும். படிச்சுப் பாருங்க" என்றார். கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டார்.

படித்தேன். அந்த மனிதர் எழுதியதில் ஒரே ஒரு தப்பு இருந்தது. தகடு செட்டிலேயே இருந்தால் நரி ஊளையிட முடியாது. அவர் அந்தச் செட்டைத் தோளில் மாட்டி ஆண்டுக்கணக்காகிவிட்டது. அவருக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கு அந்த நொடியே தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. மேலே போகப் போக யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். டேவிட்டும் போட்டான். மேலே எத்தனையோ மேசை ஏறி இறங்கியது அந்தக் காகிதம். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. செட்டைத் தோளில் சுமந்தவன் எவன் அந்த மேசைகளில் உட்கார்ந்திருந்தான்?

அலுவலருக்குப் பதக்கம் கிடைத்தது. எனக்கு நற்சான்றிதழ். விழிப்புணர்வோடு அபாய ஒலியைக் கண்டறிந்ததற்காக என்று போட்டிருந்தது. என் மனைவி அதைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினாள். டேவிட் மாற்றல் வாங்கிக்கொண்டு தென்மாவட்டம் போனான். என்னோடு பேசுவதில்லை, நானும் பேசவில்லை.

முனிரத்தினத்துக்கு மருத்துவக் காரணத்தால் ஓய்வு கொடுத்தார்கள். கூடவே அவன் பணிப் பதிவேட்டில் அந்த வரி ஏறியது. சொந்தக் கவனக்குறைவு. அவன் மகளுக்கு வாரிசு வேலை கேட்டுப் போட்ட மனு அந்த வரியில் முட்டி நின்றுவிட்டது. பி.காம். படித்த பெண், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். காலையில் கம்பெனி வேனில் போய் இருட்டும் நேரம் வருகிறாள். அப்பன் தோல் கிடங்கில் மூச்சைத் தொலைத்தான், மகள் தோல் வாசனையிலேயே சம்பாதிக்கிறாள். இதைச் சொல்லும்போது எனக்கே என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

நான் அவனைப் பார்க்கப் போகாமல் இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு போவேன். பொங்கலுக்கும் ஒரு நடை. மழை, கடலை விலை, பிள்ளைகள் படிப்பு, துறையில் எவன் எங்கே மாற்றல் என்று எல்லாம் பேசுவோம். அதை மட்டும் பேசியதில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மயக்கத்தில் இருந்தவனுக்குத் தகடு எங்கே இருந்தது என்று எப்படித் தெரியும்? தான்தான் கொடுக்க மறந்துவிட்டோம் என்று நம்பியிருப்பான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வகுப்பு முடிந்த மறுநாள் சால்வையைக்கூட மடித்து வைக்காமல் ஒடுகத்தூர் பஸ் ஏறினேன். முனி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வாசலிலிருந்து கிணற்றுக்குப் போவதற்குள் இப்போது இரண்டு முறை உட்காருகிறான்.

"இன்னா சீலா, பண்டிக ஒண்ணும் இல்லியே" என்றான்.

வகுப்பைச் சொன்னேன். படத்தைச் சொன்னேன். அந்தப் பெண் கேட்டதைச் சொன்னேன். அவன் கண் விரிந்தது.

"கெட்டிக்காரிதான். நீ இன்னா சொன்ன?"

"பழைய செட்டுல அப்படி இல்லன்னு சொன்னேன்."

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆயிற்று. முதுகைத் தடவப் போனேன், கையைத் தட்டிவிட்டான். அவன் இரைப்பு நிற்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பலகையை விட்டுப் போனது, டேவிட் கையில் இருந்த தகடு, அறிக்கை, என் கையெழுத்து. துறைக்கு எழுதப் போகிறேன், பத்திரிகைக்கும் எழுதப் போகிறேன் என்றேன். என் சான்றிதழ் போனால் போகட்டும், பென்ஷனில் கை வைத்தால் வைக்கட்டும் என்றேன்.

"தகட்ட உன் கையிலதான குடுத்தேன்" என்றான். "மொதல் பெஞ்சுல வைன்னு சொன்னேனே. மறந்துடுவனா?"

"அப்ப ஏன்டா விசாரணையில சொல்லல?"

"சொன்னேன். மாஸ்க் நழுவினவன், பொக ஜாஸ்தியா குடிச்சவன், கொழப்பத்துல பேசறான்னு எழுதிக்கினாங்க." மூச்சு வாங்க நிறுத்தினான். "நீ வந்து சொல்லுவன்னு பாத்துனு இருந்தேன். நீ வந்த. வருஷா வருஷம் வந்த. கேக்கு குடுத்த, கடல வெல கேட்ட. போய்ட்ட."

தெருவில் கம்பெனி வேன் வந்து நின்றது. அவன் மகள் இறங்கினாள். என்னைப் பார்த்து, "வாங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனாள்.

"எழுது. அவளுக்கு இனிமே வயசு தாண்டிப் போச்சி, வேல கெடைக்காது. இருந்தாலும் எழுது. அந்தப் பொண்ணாவது தெரிஞ்சிக்கட்டும்" என்றான். பிறகு, "எழுதறதா இருந்தா இன்னொண்ணும் சேத்து எழுது" என்றான்.

"இன்னா?"

"கால் மாட்டிக்கினு கெடந்தேன் இல்ல, ஜன்னலுக்கு நேர் கீழதான் கெடந்தேன். கையக் காலக் கொஞ்சம் ஆட்டிக்கினே இருந்தேன், அதனால நரிகூட அப்ப கத்தல. உன் கொரல் கேட்டுச்சி. அப்பாடா, சீலன் வந்துட்டான்னு நெனச்சேன். நீ, எல்லாரும் வெளிய வந்துட்டாங்க சார்னு சொன்ன." மூச்சு இழுத்தான். "பலகையில நிக்கிறவன் நீ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்டா, நான் வெளிய வந்துட்டேன்னு."